ஏழு வாரத்து முட்டை

கண்ணாடிக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குதான் சிவக்கும். அன்று புதன்கிழமை காலை. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, தலைமையாசிரியர் மைக்கை நாலு தட்டுத் தட்டிவிட்டு ஒரு கடிதத்தைப் பிரித்துப் படிக்கத் தொடங்கினார். மூன்றாவது வரியிலேயே கண்ணாடிக்காவின் மூக்கு சிவந்துவிட்டது.

அவளுக்கு அந்தப் பள்ளியில் உத்தியோகம் ஒன்றும் கிடையாது. கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. மற்றவர்கள் அந்த ஒரு நாளில் காலை நீட்டிப் படுப்பார்கள். இவள் இயற்கைச் சங்கத்தில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் துணையாகப் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்புறம் இருக்கும் குட்டைக்கு அழைத்துப் போய்த் தலைப்பிரட்டை எண்ண வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை தலைப்பிரட்டை இருக்கிறது என்று வாரா வாரம் எழுதி அனுப்பினால், சங்கம் எல்லாப் பள்ளிகளின் கணக்கையும் சேர்த்து எந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர், எது கெட்டுப்போனது என்று சொல்லும். அந்த வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தவள் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர்தான் கண்ணாடிக்கா.

தலைமையாசிரியர் கடிதத்தை ரசித்து ரசித்துப் படித்தார். நகரச் சுகாதார அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். கொசு மருந்து தெளிக்கப்பட்ட பிறகும் பள்ளியின் பின்புறக் குட்டையில் தொடர்ந்து ஏழு வாரங்கள் தவளை முட்டைகள் காணப்பட்டதாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதிவு செய்திருக்கிறார்களாம். எனவே மருந்தினால் தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு எந்தத் தீங்கும் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டதாம். அதனால் வரும் திங்கட்கிழமை முதல் ஊரிலுள்ள மற்ற பதினொரு குட்டைகளிலும் அதே மருந்து ஊற்றப்படுமாம். இவ்வளவு பெரிய சேவை செய்த பள்ளிக்குச் சுகாதார அதிகாரியே வெள்ளிக்கிழமை நேரில் வந்து கேடயம் வழங்குவாராம்.

மைதானமே கைதட்டியது. மூன்றாம் வகுப்பு மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

“முட்டையா? நாம எங்க முட்டையைப் பார்த்தோம்?” என்று கண்ணாடிக்கா பக்கத்தில் நின்ற டீச்சரிடம் முணுமுணுத்தாள். டீச்சர் உதட்டில் விரலை வைத்தாள். ஆனால் வரிசையின் முன்னால் நின்ற எட்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு உதட்டில் விரல் வைக்கிற பழக்கமெல்லாம் கிடையாது. எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவதால் வகுப்பே அவளை வக்கீலம்மா என்று கூப்பிடும். அவள் திரும்பி, பாதி மைதானத்துக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

“அக்கா, நாம போட்டோமே, அந்த முட்டைதான்க்கா!”

கண்ணாடிக்காவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

நடந்தது இதுதான். மூன்று மாதத்துக்கு மேலாகப் புதன்தோறும் மூன்றாவது பீரியடில் எண்ணிக்கை நடந்துவந்தது. நான்கு குழுக்கள். குழுவுக்கு ஒரு குச்சி, குச்சி முனையில் கட்டிய டீ வடிகட்டி, ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பேசின். வடிகட்டியால் பத்துத் தடவை முகந்து பேசினில் கவிழ்க்க வேண்டும். கறுப்பாக நெளிவதை எண்ணி எண்ணிக்கையைக் கத்திச் சொல்ல வேண்டும். பிறகு அலுங்காமல் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். கரையில் பரீட்சை அட்டையோடு நின்று வக்கீலம்மா எழுதிக்கொள்வாள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால். முதல் எட்டு வாரம் நாற்பத்து மூன்று, ஐம்பத்தொன்று, முப்பத்தெட்டு என்று வந்தது. ஒன்பதாவது வாரத்துக்கு இரண்டு நாள் முன்னால் முதுகில் டேங்க் கட்டிய ஆள் ஒருவர் வந்து குட்டையைச் சுற்றிச் சுற்றி மருந்து அடித்துவிட்டுப் போனார். தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம் பல வண்ணத்தில் மினுங்கியது. பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்றார்கள். அந்தப் புதன்கிழமை நான்கு பேசினிலும் தண்ணீர்தான் இருந்தது.

“என்னடா கிடைச்சுது?” என்று டீச்சர் கேட்டாள்.

“முட்டை டீச்சர்!” என்று முதல் குழு கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள், அது அவளுடைய சொல்தானே. கணக்கில் சைபர் வாங்கியவனின் தாளில் சிவப்புப் பேனாவால் நீளமாக ஒரு வட்டம் போட்டு, “இந்தா முட்டை, வீட்டுல கொண்டுபோய்ப் பொரிச்சுச் சாப்பிடு” என்று நீட்டுவது அவள் வழக்கம். அந்த வகுப்பில் சைபர் என்ற சொல்லே செலாவணியில் இல்லை. வக்கீலம்மா கட்டத்துக்குள் முத்து முத்தாக எழுதினாள்: முட்டை. அடுத்த வாரமும் முட்டை. அதற்கடுத்த வாரமும். மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் எழுதியது அதே சொல்தான்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் ‘சரிபார்த்தவர்’ என்று ஓர் இடம் இருக்கும். அங்கே கண்ணாடிக்கா ஏழு தடவை கையெழுத்துப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. ஏழு தடவையும் படித்துப் பார்த்தாள், ஏழு தடவையும் அவளுக்கு அது சைபராகத்தான் தெரிந்தது. தாளைப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பினாள். அங்கே குட்டையைக் கண்ணாலும் பார்க்காத யாரோ ஒருவர், தலைப்பிரட்டை இல்லை, முட்டை உண்டு என்று கம்ப்யூட்டரில் தட்டிவிட்டார். அந்த அறிக்கைதான் சுகாதார அலுவலகத்துக்குப் போயிருக்கிறது.

ஆக, செத்துப்போன குட்டை ஒன்று ஊரிலேயே உயிரோட்டமான குட்டையாகிவிட்டது. அதன் பேரைச் சொல்லி இன்னும் பதினொன்றைச் சாகடிக்கப் போகிறார்கள். அந்தத் தாளில் இருப்பது அவள் கையெழுத்து.

காலைக் கூட்டம் முடிந்ததும் கண்ணாடிக்கா டீச்சரையும் இழுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். அவர் ஸ்டூல்மேல் ஏறி, கேடயம் வைக்க அலமாரியின் மேல் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டூலிலிருந்து இறங்காமலேயே கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“இதுக்கா இவ்வளவு ஓட்டம்? பசங்க விளையாட்டா எழுதுனது. அதை அவங்க நல்லவிதமா எடுத்துக்கிட்டாங்க. விட்டுடுங்க.”

“சார், திங்கட்கிழமை பதினொரு குட்டைக்கு மருந்து போகுது. நம்ம பிள்ளைங்க பேரைச் சொல்லித்தான் போகுது.”

“கொசு இல்லாம இருந்தா நல்லதுதானேம்மா. தவளைக்கு யாரு அழுறாங்க?”

“தவளைக்காக அழ வேண்டாம் சார். பொய்க்காவது அழலாமே. பிள்ளைங்க ஒண்ணுமில்லன்னு எழுதுனாங்க. நீங்க மைக்குல நிறைய இருக்குன்னு படிச்சீங்க.”

“நான் வந்த கடிதத்தைப் படிச்சேன்” என்றார் அவர். இப்போதுதான் ஸ்டூலிலிருந்து இறங்கினார். “கையெழுத்து யாரோடதும்மா? என்னோடதா? சரிபார்த்தவர் நீங்கதானே. இப்ப வந்து சரியில்லன்னா, தப்பு யார் மேல?” பிறகு குரலைத் தணித்து, ஆனால் டீச்சரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீங்க தன்னார்வலர். நாளைக்கே வராம இருந்துடலாம். டீச்சர் அப்படியில்ல, இங்கதான் வேலை பார்த்தாகணும். மாறுதல் பட்டியல் இந்த மாசம்தான் தயாராகுது.”

டீச்சர் கதவுப் பக்கம் நகர்ந்தாள். கண்ணாடிக்காவுக்குக் காரணம் தெரியும். டீச்சரின் கணவர் படுத்த படுக்கையாகி நான்கு வருடம். வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தினமும் மதிய இடைவேளையில் அவள் ஓட்டமாக ஓடிப்போய் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, வாயில் நாலு கரண்டி ஊட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மணி அடிப்பதற்குள் திரும்பி வருவாள். வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டால் அந்த மனிதர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே பக்கமாகக் கிடக்க வேண்டியதுதான். தலைமையாசிரியருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார் என்பதில்தான் கண்ணாடிக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெளியே வந்ததும் டீச்சர் சொன்னாள். “என்னை இதுல இழுக்காதம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

“இழுக்கல டீச்சர். நானே பார்த்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டாள், எப்படி? வராந்தாவில் நின்றபடியே சங்கத்துச் செயலாளருக்குப் போன் போட்டாள். அவர் இனிக்க இனிக்கப் பேசினார்.

“மேடம், எண் போடுற கட்டத்துல எழுத்தைப் போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. அதனால குறிப்புப் பகுதியில ஏத்தியிருக்காங்க. முட்டைன்னு இருந்தா முட்டைன்னுதானே போடுவாங்க?”

“ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார். ஏழு வாரமா முட்டை பொரிக்காமலேயே இருக்கேன்னு யாருக்கும் ஒரு சந்தேகம் கூடவா வரல?”

“நாலாயிரம் தாள் மேடம்.”

“நாலாயிரம் தாளையும் படிக்காமதான் அறிக்கை போட்டீங்களா?”

செயலாளரின் குரலில் இனிப்புக் குறைந்தது. திருத்தம் வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து எழுத்தில் வர வேண்டும், பள்ளி ஆசிரியர் கையெழுத்தோடு. தன்னார்வலர் கடிதம் மட்டும் செல்லாது. கணக்குக் கொடுக்கும்போது செல்லுபடியான அவள் கையெழுத்து, அதைத் திருத்தும்போது செல்லாமல் போய்விட்டது. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

சாயங்காலம் வீட்டில் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் தெருமுனையில் சலூன் வைத்திருப்பவன். ஊர் நியாயம் எல்லாம் அவன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துதான் போகும் என்பதால், எதற்கும் அலட்டிக்கொள்ளாத சுபாவம்.

“விட்டுடு. உனக்கெதுக்கு ஊர் வம்பு? எங்க கடையில கத்தரி கொஞ்சம் தப்பிட்டா நான் என்ன குதிக்கிறேனா? பத்து நாள்ல வளர்ந்துடும்னு சொல்லி அனுப்பிடுவேன்.”

“முடி வளரும்ங்க. தவளை வளராது.”

அவன் சட்னி அரைக்கத் தேங்காயை உடைத்தான். பிறகு, “வெள்ளிக்கிழமை கடையில லீவு கேட்டியா?” என்றான். அவன் ஆமோதிக்கிற விதம் அது.

வெள்ளிக்கிழமை சுகாதார அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பருத்த உடம்பு, தடித்த கண்ணாடி, நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். கேடயம் பளபளப்புக் காகிதத்தில் சுற்றியிருந்தது. பிள்ளைகள் எழுதிய தாள்களையெல்லாம் தலைமையாசிரியர் அட்டையில் ஒட்டி ஹாலில் மாட்டியிருந்தார். முட்டை என்று எழுதிய ஏழு கட்டங்களைச் சுற்றிப் பச்சை மையில் பூ வேறு வரைய வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காவுக்குக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றிருந்தது. செத்தவனுக்கு மாலை போட்டால் பரவாயில்லை, இது பிழைத்துக்கொண்டான் என்று சொல்லி மாலை போடுகிற கதை.

திட்டப்படி ஹாலிலேயே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதிகாரிக்கு உண்மையாகவே ஆசை வந்துவிட்டது.

“நான் இதுவரைக்கும் தவளை முட்டையைக் கண்ணால பார்த்ததே இல்ல சார். வாங்க, பிள்ளைங்களோட போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்.”

“வெயிலா இருக்கு சார், சேறு வேற...” என்று தலைமையாசிரியர் இழுத்தார். அதிகாரி அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

நான்கு குழுவும் குட்டைக்குள் வடிகட்டியை விட்டது. கண்ணாடிக்கா ஓரமாக நின்றாள். ஒரு வார்த்தையும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. பத்துத் தடவை முகந்து முடித்தார்கள். நான்கு பேசினையும் கரையில் வரிசையாக வைத்தார்கள். வக்கீலம்மா அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேசினாக எட்டிப் பார்த்துவிட்டு, அதிகாரி பக்கம் நிமிர்ந்து கணீரென்று சொன்னாள்.

“முட்டை சார்!”

அதிகாரி முகம் மலர்ந்தது. பேன்ட்டைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். முதல் பேசினைப் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவதுக்குள் மூக்கு நனைகிற அளவுக்குக் குனிந்தார்.

“எங்கேம்மா?”

“இதுதான் சார்.”

“எதும்மா?”

“ஒண்ணுமே இல்லையே சார், அதுதான் முட்டை. நீங்க பரீட்சையில முட்டை வாங்குனதே இல்லையா?”

இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். ஜீப் டிரைவரும் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மெல்ல எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்த்தார். அவர் வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

“அப்போ ஏழு வாரமும்?” என்று அதிகாரி கேட்டார்.

“ஏழு வாரமும் முட்டைதான் சார். மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி ஐம்பத்தொண்ணு எல்லாம் வந்துச்சு. வேணும்னா தாளைக் காட்டுறேன்” என்றாள் வக்கீலம்மா.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். உண்மை வெளியே வந்துவிட்டது, இனி என்ன என்று வெள்ளந்தியாக நினைத்துக்கொண்டுதான் கண்ணாடிக்காவும் அதிகாரி, டீச்சர் பின்னாலேயே தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தாள். கேடயத்தின் காகிதம் இன்னும் பிரிக்கப்படவில்லை. வரும் வழியிலேயே தலைமையாசிரியருக்கு மூளை வேலை செய்துவிட்டது. பத்து நிமிடத்தில் ஒரு கடிதம் தயார் செய்து, டைப் அடித்து, கையெழுத்துக்காக டீச்சர் முன்னால் நீட்டினார். மேற்படிப் பதிவுகள் சிறுபிள்ளைகளால் விளையாட்டாக எழுதப்பட்டவை, ஆகையால் பதினைந்து வாரக் கணக்கில் எதையும் நம்புவதற்கில்லை, அனைத்தையும் ரத்து செய்துவிடலாம்.

கண்ணாடிக்கா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். மூக்கு மட்டுமல்ல, காதும் சிவந்தது.

“நல்ல ஏற்பாடு சார். முட்டைன்னு பொய்யா நம்புன வரைக்கும் பிள்ளைங்க விஞ்ஞானி. ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதும் விளையாட்டுப் பிள்ளைங்களா? வெயில்ல நின்னு ஒண்ணொண்ணா எண்ணுனாங்க சார். ஒரு நாள் ஒரு பிள்ளை ஐம்பதா ஐம்பத்தொண்ணான்னு சந்தேகம் வந்து, திரும்ப முதல்ல இருந்து எண்ணுச்சு. உங்க வீட்டுக் கணக்கை நீங்க அப்படி எண்ணியிருப்பீங்களா?”

“மரியாதையாப் பேசுங்க.”

“மரியாதை குடுத்துதான் இதுவரைக்கும் பேசுனேன்.” அதிகாரி பக்கம் திரும்பினாள். “சார், இந்தக் கடிதத்தை வாங்கிக்கிட்டா திங்கட்கிழமை என்ன ஆகும்?”

அதிகாரி தர்மசங்கடத்தோடு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “கணக்கே இல்லன்னா தீங்குன்னு சொல்லவும் ஆதாரம் இல்லம்மா. லாரி போகும். எனக்குப் பேப்பர் வேணும். நான் கண்ணால பார்த்தேன்னு சொல்லி ஃபைலை நிறுத்த முடியாது.”

“என்ன பேப்பர் வேணும்?”

“அந்த ஏழு வாரமும் எண்ணிக்கை பூஜ்யம்னு. சரிபார்த்தவர் கையெழுத்தும், பள்ளி ஆசிரியர் ஒருத்தர் கையெழுத்தும்.”

கண்ணாடிக்கா மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். யாரையும் அனுமதி கேட்கவில்லை. நின்றபடியே எழுதினாள். ஏழு வாரமும் குட்டையில் ஒன்றும் இல்லை என்றுதான் பிள்ளைகள் பதிவு செய்தார்கள். அவர்கள் எண்ணியது சரி. வகுப்பில் வழங்கும் ஒரு சொல் வெளியாருக்குப் புரியாது என்று யோசிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு, என் தவறு மட்டுமே. கையெழுத்துப் போட்டாள். தாள் கிழிகிற அளவுக்குப் பேனாவை அழுத்தினாள். எட்டு வயதுப் பிள்ளைகள் ஒழுங்காகச் செய்த வேலையை நாற்பது வயதுக்காரி ஒருத்தி கோட்டைவிட்டிருக்கிறாளே என்று அவள் மீதே அவளுக்கு வந்த ஆத்திரம் அது.

“இதோட நிறுத்திக்குங்க. பள்ளி சார்பா யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க” என்றார் தலைமையாசிரியர்.

கண்ணாடிக்கா டீச்சர் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்தால் கேட்பது போல ஆகிவிடும். இழுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மதிய இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மேஜையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். கண்ணாடிக்காவின் கையெழுத்துக்குக் கீழே நிதானமாக, கரும்பலகையில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் எழுதினாள்: அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எண்ணிக்கை ஏழு வாரமும் பூஜ்யம். நான் கூடவே இருந்தேன்.

“டீச்சர், யோசிச்சு எழுதுங்க” என்றார் தலைமையாசிரியர்.

“இருபத்தேழு வருஷமா யோசிச்சுக்கிட்டுதான் சார் இருக்கேன்” என்றாள் டீச்சர். “கணக்குல சைபர் வாங்குன பிள்ளைங்களை எல்லாம் முட்டை முட்டைன்னு கேலி பண்ணியிருக்கேன். இன்னைக்கு அந்தப் பிள்ளைங்க சரியாக் கணக்குப் போட்டிருக்காங்க. அதை நான் தப்புன்னு எழுதுனா, நாளைக்கு எந்த முகத்தோட சார் போர்டு முன்னாடி நிப்பேன்?” கையெழுத்தைக் கோணலில்லாமல் போட்டு, அடியில் தேதியும் எழுதினாள்.

அதிகாரி தாளை வாங்கிப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அங்கேயே நின்று போன் போட்டார். “திங்கட்கிழமை லாரி கிளம்ப வேண்டாம். நிக்கட்டும். மறு உத்தரவு வர்ற வரைக்கும்.” பிறகு யாரிடம் என்று இல்லாமல், “நிறுத்திட்டேன்னு சொல்லல. நிக்கட்டும்னுதான் சொல்லியிருக்கேன். மேல அனுப்பணும், அவங்க பார்க்கணும்” என்றார். போகும்போது கேடயத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

ஜீப் தெருவைத் தாண்டும் வரை காத்திருந்தார் தலைமையாசிரியர். புதன்கிழமை மூன்றாவது பீரியட் இனிமேல் கையெழுத்துப் பயிற்சி. பிள்ளைகள் குட்டைப் பக்கம் போகக் கூடாது, சேறு, பாம்பு, ஆபத்து. வெளியாட்கள் பள்ளிக்குள் வரக் கூடாது. மூன்று மாதமாக இல்லாத பாம்பு அந்த நிமிடத்தில் குட்டைக்கு வந்து சேர்ந்தது. டீச்சரிடம் அவர் ஒன்றுமே சொல்லவில்லை. மாறுதல் பட்டியலை இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

மணி அடித்தது. டீச்சர் கண்ணாடிக்காவின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

கண்ணாடிக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வக்கீலம்மா பின்னாலேயே வந்தாள். கையில் அந்தப் பரீட்சை அட்டை. அதில் அடுத்த வாரத்துக்கான புதுத் தாள் ஏற்கெனவே செருகியிருந்தது. ஓரத்தில் தேதிகூட எழுதிவிட்டாள்.

“அக்கா, நீங்க வர்ற புதன்கிழமை வர மாட்டீங்களாமே?”

“வர விட மாட்டாங்கம்மா.”

“எங்களையும் குட்டைக்குப் போகக் கூடாதுன்னுட்டாரு.” சிறுமி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். வழக்கமான வாயாட்டம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். “அப்போ அந்த நாள் கட்டத்துல என்னக்கா எழுதணும்? சைபர்னு எழுதட்டுமா?”

“சைபர் எழுதாதே. சைபர்னா நாம போய்ப் பார்த்தோம், ஒண்ணுமில்லன்னு அர்த்தம்.”

“சரி, அப்போ பார்க்கலன்னு எழுதட்டுமா?”

கண்ணாடிக்கா குனிந்து அவள் கையிலிருந்த பென்சிலை எடுத்தாள். கூர் மழுங்கியிருந்தது. பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தச் சின்னக் கைக்குள் வைத்தாள்.

“அதுவும் வேண்டாம். பார்க்க விடலன்னு எழுது. பேனாவுல எழுது, யாரும் அழிக்க முடியாதபடி.”